தரை வாடகை

"நான் எங்கயும் போறதா இல்லண்ணே. புள்ளைய இந்த ரூம்லயேதான் பெத்துக்கப் போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எந்தப் பேச்சை வாயில் எடுக்கவே கூடாது என்று புருஷன் பத்துமலை குடிவந்த நாள் முதல் சொல்லிச் சொல்லி வைத்திருந்தானோ, அந்தப் பேச்சைத்தான் செல்லாயி எடுத்தாள். அதுவும் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தணித்து அல்ல. ஈப்போ பாசார்ச் சந்தையிலிருந்து சனங்கள் திரும்புகிற காலை வேளையில், உடையப்பனின் பலசரக்குக் கடையில் நாலு பேர் சாமானுக்கு நிற்கும்போது, எட்டு மாத வயிற்றோடு வந்து நின்று கேட்டாள்.

உடையப்பன் காய்ந்த மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டு ஆடியபடி நின்றது.

"பத்துமலைய வரச்சொல்லு. இதெல்லாம் பொம்பளகிட்டப் பேசுற பேச்சில்ல."

"பெக்கப்போறது அவரு இல்லண்ணே, நான்தான்."

சாமானுக்கு நின்ற ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். உடையப்பன் அவரை முறைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"தலைச்சன்தானே? தலைச்சனுக்குத் தாய் வீட்டுக்குப் போறது ஒலக வழக்கம். உனக்கு மட்டும் என்ன புதுசா? குடிவர்றப்ப உம்புருசன் என்ன சொன்னான்? லகாட்டுக்கு அந்தாண்ட தோட்டத்துல மாமியா இருக்கு, புள்ள உண்டாகி மாசம் ஆனதும் கொண்டுபோயி விட்டுர்றேன்னு இந்தக் கல்லாப் பெட்டியில கையடிச்சிச் சொன்னான். அதக் கேட்டுத்தான் ரூமே குடுத்தேன்."

"மாமியா இருக்கு. வீடு எங்க இருக்கு? அது தோட்டத்து லயம்ணே. பால் வெட்டுற வரைக்கும் படுத்துக்கலாம், வெட்டலைன்னா வெளிய. நாங்க கங்காணிகிட்ட மொறச்சிக்கிட்டு வந்த ஆளுக. நான் போயி அந்த லயத்துல காலு வச்சா எங்காத்தாவ மறுநா காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல நிக்க விடமாட்டான். தொரை வீடு எப்புடிண்ணே எனக்குத் தாய் வீடாகும்?"

"அது உம்பாடு. கீழ அரிசி பருப்பு விக்கிறேன். மேல தீட்டுப் பட்டா கீழ லட்சுமி நிப்பாளா? கட்டடத்துக்காரத் தவுக்கேயும் ஒத்துக்க மாட்டாரு. சீனனுக்கும் இது ஆகாது. வாடகை எடத்துல பெறப்பும் கூடாது, சாவும் கூடாது. இருக்கத்தான் வாடகை."

"பொறக்காம, சாகாம, சும்மா இருக்கணும்."

"வாய் பேசாத. அமாவாசைக்குள்ள கெளம்பிரு. அதுக்கு அப்பறம் உன் சட்டி பானை தெருச் சடக்குல கெடக்கும்."

தட்டு மறுபடி ஆடத் தொடங்கியது. செல்லாயி கடை ஓரத்து மரப்படியில் ஏறினாள்.

அந்தக் கடைவீட்டுக்கு உடையப்பன் சொந்தக்காரர் அல்ல. ஒரு சீன முதலாளியான தவுக்கேயிடம் கட்டடம் முழுவதையும் வாடகைக்குப் பிடித்து, கீழே கடை போட்டு, மேல்மாடியைத் துண்டு துண்டாக உள்வாடகைக்கு விட்டு, அதில் வருகிற காசிலேயே தன் வாடகையைக் கட்டி மிச்சமும் பிடித்தார். ரப்பர் விலை கண்டபடி ஏறிய வருஷம் அது. ஈயமும் ஏறியிருந்தது. தோட்டத்தை விட்டவர்கள், ரயில்வேக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தவர்கள், மூட்டை தூக்கலாம் என்று வந்தவர்கள் என இளவட்டங்களாக ஈப்போவில் குவிந்துகிடந்தார்கள். எல்லாருக்கும் வேலை இருந்தது. யாருக்கும் படுக்க இடம் இல்லை. ரப்பர் ஏறினால் வாடகை ஏறும். ரப்பர் இறங்கியபோது வாடகை இறங்கியதாக ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை.

மாடியில் முப்பது வயதைத் தாண்டியவர் எவரும் கிடையாது. ஐந்து அறைகள். அறை என்றால் ஒரு பாய் விரித்து, மிச்சத்தில் ஒரு தகரப் பெட்டி வைக்கலாம். சுவர்கள் ஆள் உயரப் பலகைகள். அதற்கு மேல் ஓட்டுக்கூரை வரைக்கும் எல்லாருக்கும் பொதுவான காற்று, பொதுவான இருமல், பொதுவான சண்டை. சடக்கைப் பார்த்த முன்னறைக்கு மட்டும் ஜன்னல். அதில் தையற்காரன் சீனி இருந்தான். அவன் வெளிச்சத்துக்கும் சேர்த்து வாடகை கொடுத்தான். செல்லாயியின் நடு அறையில் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். ஆனால் பகலில் விளக்குக் கொளுத்தக் கூடாது என்பது உடையப்பனின் சட்டம். மாடியில் கரியடுப்பு கூடாது. விருந்தாள் தங்கக் கூடாது. பலகைத் தரை அதிரும், ஆகவே அம்மி கூடாது. இப்படிச் சட்டம் போடுகிறவர் ஆகாயத்திலிருந்து குதித்துப் பிறந்திருக்க வேண்டும் என்று செல்லாயி நினைத்துக்கொள்வாள்.

அம்மி கூடாது என்பதுதான் அவள் வயிற்றில் அடித்தது. அவள் பிழைப்பே அம்மிதான். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம் என்று தனித்தனியாக அரைத்து, உருண்டை பிடித்து, வாழையிலையில் வைத்து ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிமார் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பாள். அம்மிக்கு இடம் கொடுத்தது நாலு கடை தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நைனா முகம்மது. அவரை அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவாள். கடையின் பின்கட்டில் கிணற்றடி ஓரம் அவள் அரைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அவர் கடைக் குழம்புக்கு வேண்டிய மசாலாவை அரைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அன்று மஞ்சளில் கை வைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. முட்டிபோட்டுக் குனிய முடியவில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, வயிற்றை ஒருபக்கமாக ஒதுக்கி உட்கார்ந்து இழுத்தாள். மஞ்சள் நசுங்கி மணம் எழும்பியது. நைனா முகம்மது ஒரு கோப்பைத் தேத்தண்ணியையும் ரொட்டியையும் கொண்டுவந்து கிணற்றுத் திட்டில் வைத்தார்.

"பசியாறு தங்கச்சி. காலையில ஒங்கட உடையப்பன் கடையில பெரிய வழக்கு நடந்துச்சாமே."

"அதுக்குள்ள வந்திருச்சா?"

"மிளகாய் வாங்கப் போன ஆளு மிளகாயக் கூட மறந்துட்டுல இஞ்ச வந்து கத சொல்றாரு. உள்ளதுதானா, அந்த ரூம்லயே பெப்பேன்னு சொல்லிட்டியாமே."

"சொன்னேன் நானா. அமாவாசைக்குள்ள வெளிய போன்னுட்டாரு."

"அந்த உடையப்பன் கப்பல் எறங்கி வந்த புதுசுல எங்கடை பெஞ்சுலதான் படுத்துக் கெடந்தாரு. காச்ச வந்து கெடந்தப்ப நான்தான் கஞ்சி ஊத்துனேன். அவர வேற ஆரு வீட்டுலயாச்சும் போய்ச் சாகுன்னு நான் தொரத்தல." அவர் கோப்பையில் இருந்த இலையை விரலால் எடுத்துப் போட்டார். "நீ ஏன் தங்கச்சி அந்தப் பொந்துக்கு மல்லுக்கு நிக்கிற? சிலிபின்ல தண்டவாளத்துக்கு அங்கிட்டு ஈயம் எடுத்து முடிச்ச மேடு சும்மாத்தானே கெடக்கு. சீனன் கீரை போட்டுருக்கான். நில ஆபீஸ்ல வருசா வருசம் அனுமதித் துண்டு எடுத்துக்கிட்டா ஆரும் கேக்க மாட்டாங்க. கொட்டாய் போட்டுக்கிறதானே."

"கொட்டாய்க்குக் கூரை?"

"கடைக்கு மாத்த வாங்குன ஆத்தாப்பு ஓலை பாதி மிச்சம் கெடக்கு, எடுத்துக்க. கூரை இல்ல கஷ்டம். பலகைதான் கஷ்டம். இப்ப எவன் பலகை வாங்க முடியும்? மரக்கடைக்காரன் ஆளப் பாத்தே வெரட்டுறான்."

செல்லாயியின் கை அம்மிக்குழவி மேல் நின்றது.

"பலகை எங்ககிட்ட இருக்கே நானா."

"எங்க இருக்கு?"

"மாடியில."

குடிவந்த அன்று அந்த மாடி எப்படி இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் நின்றது. சுவரே இல்லை. உடையப்பன் தரையில் கரித்துண்டால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். 'நான் குடுக்கிறது தரை. சுவரு நீங்க கொண்டாந்து அடிச்சிக்கணும்' என்றார். ஒவ்வொரு குடியும் அப்படித்தான் வந்தது. பத்துமலை ரயில்வே கொட்டகையில் கழித்த பெட்டிப் பலகைகளைக் கெஞ்சி வாங்கித் தோளில் சுமந்து வந்தான். பக்கத்து அறை மாயாண்டி ஈயக்குட்டையில் உடைந்த நீர்க்கால்வாய்ப் பலகைகளைக் கொண்டுவந்தான். நடுச்சுவரை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு அடித்தார்கள். பலகைக்கு ஒரு காசும் செலவழிக்காமல் ஐந்து அறைக்கு வாடகை வாங்கிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து உடையப்பன் எத்தனையோ தடவை தன் மீசையைத் தடவியிருப்பார்.

நைனா முகம்மதுவுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கைலியில் கொட்டியது.

சாயங்காலம் பத்துமலை வந்தான். ரயில்வே கொட்டகையில் இஞ்சின்களுக்குக் கரி வாருகிற வேலை. தேய்த்துக் குளித்தும் காது மடிப்பில் கறுப்பு மிச்சமிருந்தது. வெளியே ஈப்போவுக்கு வழக்கமான அந்திமழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டியாமே" என்றான்.

"கேட்டேன்."

"கேக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்? உங்காத்தாவ எப்புடியாச்சும் பாத்துச் சரி பண்ணலாம்னு இருந்தேன்."

"என்ன சரி பண்ணுவ? கங்காணி கால்ல விழுவியா? இந்தாய்யா, நீ ஒரு பொய்யச் சொல்லி ரூம் வாங்குன. அந்த நேரத்துக்கு அதுதான் முடிஞ்சது, நான் குத்தம் சொல்லல. ஆனா உன் பொய்க்குள்ள நான் படுத்துப் புள்ள பெக்க முடியாது."

"அப்ப எங்கதான் போறது?"

அவள் சொன்னாள். மேட்டைச் சொன்னாள், ஆத்தாப்பைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். பத்துமலை சுவரைப் பார்த்தான். தான் தோளில் சுமந்து வந்ததை இப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"நடுச்சுவத்துல பாதி மாயாண்டியோடது" என்றான் கடைசியில். "அத எடுத்தா அவன் குடும்பம் அம்மணமா நிக்கும்."

பலகைக்கு அப்பால் ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது.

"மச்சான், சுவரு மெலிசுலா" என்றான் மாயாண்டி. "நீங்க பேசுறது பூராவும் கேக்குது. கேக்காத மாதிரி இருக்க இவ்வளவு நேரம் முயற்சி பண்ணுனேன். முடியல. நானும் பேசலாமா?"

"பேசேன்."

மாயாண்டி பேசவில்லை. அவன் மனைவி காளியம்மா பேசினாள். ஒரு வருஷமாக அந்த மாடியில் அவள் குரலை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

"செல்லாயி."

"அக்கா."

"எங்க பக்கத்துப் பலகையையும் கழட்டிக்க."

அந்த மாடியில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். போன வருஷம் காளியம்மாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் உடையப்பன் இதே சட்டத்தைச் சொன்னார். மாட்டுவண்டி பிடித்து லகாட் பக்கம் உறவுக்காரர் லயத்துக்கு அனுப்பினார்கள். பாதி வழியில் மழையோடு வலியும் வந்துவிட்டது. வண்டிக்குள் பிறந்த பிள்ளை வண்டியோடு போயிற்று. திரும்பி வந்தவளைப் படியில் பார்த்து உடையப்பன், 'நல்ல வேளை, வீட்டுல நடக்கல' என்றார். மனசாரத்தான் சொன்னார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை.

"நீங்க அம்மணமா நிப்பீங்கக்கா" என்றாள் செல்லாயி.

"ஏன் நிக்கணும்? நாங்களும் வாரோம். பலகைய ஒண்ணாச் சேத்தா ரெண்டு வீடு கட்டலாம். நடுவுல ஒரு சுவரு மிச்சம்."

"இவளுக்குப் பேச்சு வந்திருச்சு மச்சான்" என்றான் மாயாண்டி. "இனிமே நான் எங்க பேசறது."

மறுநாள் மசாலா விற்று முடித்த கையோடு செல்லாயியும் காளியம்மாவும் சிலிபினுக்கு நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டியதும் வெள்ளை மணல் மேடு. அப்பால் பச்சைத் தண்ணீர் நிற்கிற ஈயக்குட்டை. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். மரம் இல்லை, நிழல் இல்லை. கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனப்பெண் செல்லாயியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்று காலால் மணலில் கோடு கிழித்துக் காட்டிவிட்டு, கோட்டுக்கு மேல்பக்கம் போய் நின்று தரையைத் தட்டினாள். மூன்று பேருக்கும் பொதுவான பேச்சு ஒன்றும் இல்லை. தேவையும் இருக்கவில்லை.

அந்த வாரம் பத்துமலையும் மாயாண்டியும் நில ஆபீஸில் காத்துக்கிடந்து துண்டு வாங்கினார்கள். கொட்டகையில் பத்துமலையோடு வேலை செய்தவர்கள் வேலை விட்டதும் காட்டுக்கம்பு வெட்டி வந்து நட்டார்கள். தோட்டத்தில் லயத்துக்குக் கூரை மாற்றும்போது எல்லாரும் கூடிச் செய்து பழகிய கை அது. ஒருத்தன் கட்ட, ஒருத்தன் எடுத்துக் கொடுக்க, கயிறு முடிச்சு தானாக விழுந்தது. பெண்கள் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் கொண்டுபோனார்கள். மருத்துவச்சி ராக்காயி வந்து பார்த்து, "எனக்கு ஒரு கூரையும் வெந்நியும் இருந்தாப் போதும். கூரைக்குக் கீழ யாரும் நின்னு போ போன்னு சொல்லாம இருக்கணும்" என்றாள். கூரையில் ஒரு பக்கம் இன்னும் போடாமல் இருந்தது. சுவரும் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துமலை கடப்பாரையைச் சுவரின் அடியில் செருகினான். செருகிவிட்டு ஒருதரம் செல்லாயியைப் பார்த்தான்.

"நெம்பு" என்றாள்.

ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. முதல் பலகை விழுந்த சத்தத்தில் கீழே அரிசி மூட்டை மேல் தூசி கொட்டியிருக்க வேண்டும். உடையப்பன் படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"டேய், என்னடா பண்றீங்க? வீட்டையே இடிக்கிறீங்களா?"

"வீட்டத் தொடல மொதலாளி" என்றான் மாயாண்டி, வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு. "தரைய விட்டுட்டுச் சுவத்த மட்டும் எடுத்துக்கிறோம்."

"போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. சுவரு யாரோடதுன்னு கேப்பான். கரித்துண்டால கோடு போட்டத நீங்களே சொல்லிருங்க."

அதற்குள் கடைசி அறையில் இருந்த மூட்டை தூக்கும் பையன்கள் இருவரும் எழுந்துவந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் தன் அறைச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அங்க இன்னும் மேடு இருக்கா?"

"ஊர்ப்பட்ட மேடு இருக்கு."

அவன் உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முன்னறைச் சீனி தையல் இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, தன் சுவரைத் தானே கழற்றத் தொடங்கினான். அது விழுந்ததும் ஜன்னல் வெளிச்சம் ஒரே பாய்ச்சலில் மாடியின் பின்சுவர் வரைக்கும் போனது. குடிவந்த நாளுக்குப் பிறகு அந்த நடு இடத்தில் வெயில் விழுந்து செல்லாயி அன்றைக்குத்தான் பார்த்தாள். தரைப் பலகை நல்ல சிவப்பு மரம்.

வெளிச்சத்தில் உடையப்பன் தன் சொத்தைப் பார்த்தார். வெறும் கூடம். இனி இதில் சுவர் அடிக்க வேண்டுமானால் இன்றைய விலைக்குப் பலகை அவர்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தவுக்கேயின் வாடகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர் முகம் கணக்குப் போட்டு முடித்தது வெளியே தெரிந்தது.

"நிறுத்துங்க. சரி, நிறுத்துங்க." குரல் இறங்கியிருந்தது. "செல்லாயி, நீ என்ன கேட்ட? இங்கயே பெத்துக்கணும்னுதான? பெத்துக்க. நானே சரிங்கிறேன். சீனி போறான்ல, அந்த ஜன்னல் எடத்தையே எடுத்துக்க. வாடகையும் ஏத்தல. பலகைய மறுபடி அடிக்கச் சொல்லு."

பத்துமலையின் கை கடப்பாரையில் நின்றது. சிலிபினில் கூரை அரைகுறை. மழைக்காலம் வேறு. இங்கே ஜன்னல். அவன் மனசுக்குள் ஓடுவது செல்லாயிக்கு முழுசாகத் தெரிந்தது.

"தீட்டுண்ணே?" என்றாள்.

"என்னது?"

"மேல தீட்டுப் பட்டா கீழ லட்சுமி நிக்க மாட்டான்னீங்களே."

"அட, அதுக்கென்ன. மஞ்சத்தண்ணி தெளிச்சாப் போவுது."

"அப்படியா." செல்லாயி குனிந்து பாயைச் சுருட்டி நிமிர்ந்தாள். "போன வருசமும் கீழ கடையில மஞ்சள் இருந்துச்சேண்ணே. காளியம்மாக்காவுக்கு ஏன் தெளிக்கல?"

உடையப்பன் மாயாண்டியைப் பார்த்தார், சீனியைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் காளியம்மாவைப் பார்த்தார். அவள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"பத்துமலை, இந்தப் பக்கம் பிடி" என்றாள்.

அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தான்.

மதியத்துக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. நைனா முகம்மது அனுப்பிய வண்டியில் பலகைகள் அடுக்கி, கயிறு போட்டாகிவிட்டது. செல்லாயி மட்டும் மேலே நின்று விளக்குமாற்றால் தரையைக் கூட்டினாள். வளைந்த ஆணி, மரத்தூள், எட்டுக்கால் பூச்சிக்கூடு எல்லாவற்றையும் ஒரு முறத்தில் அள்ளினாள். உடையப்பன் படியோரத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நாளப்பின்ன வெலை எறங்குனா வேலையும் போகும், புள்ள. அன்னிக்கி இங்கதான் வந்து நிப்பீங்க."

"வேலை போனாலும் வீடு போகாதுல்லண்ணே" என்றாள் செல்லாயி. "பாத்துக்குங்க, உங்க தரை. சுத்தமா இருக்கு."

ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் இறங்கினாள். சடக்கில் வெயில் காய்ந்தது. பத்துமலை வண்டியருகே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்திரிக்கு மழை வந்தா ஒழுகும், செல்லாயி. ஒரு பக்கம் இன்னும் மூடல."

"ஒழுகட்டும். நம்ம ஓட்டைய நாமளே அடச்சிக்குவோம்."

வண்டிக்காரன் மாட்டைத் தட்டுவதற்கு முன்பே அவள் சிலிபின் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.